தை மாதத்தில் பறவை பார்க்க: நண்பர்களோடு கரிக்கிலி, வேடந்தாங்கல் ஒரு நாள் போய்வர வழிகாட்டி

வேடந்தாங்கலுக்குப் போய்விட்டு, “அங்கே ஒன்றும் இல்லை, தூரத்து மரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்” என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் காரணம் ஒன்றாகவே இருக்கும். காலை பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள், பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள், கையில் பைனாகுலர் இருந்திருக்காது. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் நண்பர் குழுவும் அலைந்து அலைந்துதான் ஒரு ஒழுங்குக்கு வந்தது. சென்னையிலோ செங்கல்பட்டுப் பக்கமோ இருந்துகொண்டு முதல்முறை போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திட்டம் இதுதான்: காலையில் கரிக்கிலி, மாலையில் வேடந்தாங்கல், நடுவில் ஓய்வு. இரண்டும் செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இரண்டுமே, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஏரிகள். பலர் வேடந்தாங்கலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாத்துகளைப் பார்க்க வேண்டுமானால் கரிக்கிலிதான்.

1. கிளம்புவதற்கு முன் மழையை விசாரியுங்கள்

இரண்டும் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் பாசன ஏரிகள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை நன்றாகப் பெய்தால் நவம்பரிலேயே பறவைகள் வரத் தொடங்கிவிடும். மழை பொய்த்தால் ஜனவரியில்கூட மரங்கள் காலியாக நிற்கும். நீருக்குள் நிற்கும் மரம்தான் இவற்றுக்குப் பாதுகாப்பு. அடியில் தண்ணீர் இல்லையென்றால் அதில் கூடு கட்டாது.

ஆகவே நாள் குறிப்பதற்கு முன்பு, அண்மையில் அங்கே போய்வந்தவர்கள் இபேர்டில் ஏற்றிய பட்டியல்களைப் பாருங்கள். இபேர்ட் என்பது உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும் இலவசத் தளம். அதில் இடத்தின் பெயரைத் தேடினால் கடந்த சில நாட்களில் யார் எதைப் பார்த்தார்கள், எத்தனை பார்த்தார்கள் என்று தெரிந்துவிடும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருந்தால் தாராளமாகக் கிளம்பலாம். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள், அல்லது பள்ளிக்கரணைக்கோ பழவேற்காட்டுக்கோ திட்டத்தை மாற்றுங்கள். பழைய செய்திப் படங்களையும் காணொளிகளையும் நம்பிப் போகாதீர்கள். போன வருடத்துப் படம் இந்த வருடத்துத் தண்ணீரைக் காட்டாது.

2. நாள் குறிப்பது

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். அதிலும் ஜனவரி எனக்கு மிகவும் பிடித்தது. வடக்கிலிருந்து வந்த வாத்துகளும், கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் இன்னும் ஏரியில் இருக்கும், கூடுகளில் குஞ்சுகளும் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். மார்ச் வந்தால் குஞ்சுகள் பெரிதாகியிருக்கும், ஆனால் வாத்துகள் கிளம்பத் தொடங்கிவிடும்.

பொங்கல் விடுமுறை வருகிறதே, அப்போதே போய்விடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் பொறி. காணும் பொங்கலன்று வேடந்தாங்கலில் கூட்டம் அலைமோதும். பறவைச் சத்தத்தைவிட மனிதச் சத்தம்தான் அதிகமாகக் கேட்கும். போதாக்குறைக்கு, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையை அடைத்துவிடுவார்கள். செங்கல்பட்டுக்கு முன்னால் இருக்கும் பரனூர் டோலில் மாட்டிக்கொண்டால் விடியற்காலை முழுதும் வண்டிக்குள்ளேயே போய்விடும்.

ஆனாலும் பொங்கல் நாட்களில் பறவை பார்க்க ஒரு நல்ல காரணம் உண்டு. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் பறவைகளைப் பார்த்து, எண்ணி, இபேர்டில் ஏற்றினால் போதும். இதற்கு வேடந்தாங்கல் வரை போகவே வேண்டியதில்லை, வீட்டு மொட்டை மாடியோ ஊர்க் குளமோ போதும். அந்த நான்கு நாட்களை உங்கள் ஊரிலேயே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பயணத்தை அதற்கு அடுத்த வாரம், முடிந்தால் ஒரு வார நாளில் வையுங்கள். ஆளுக்கொரு நாள் விடுப்பு எடுப்பது கஷ்டம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டவர்கள் மறுபடி ஞாயிற்றுக்கிழமை கேட்கமாட்டார்கள்.

3. எத்தனை பேர்

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஐந்து வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அது சுற்றுலா. ஒரு காரில் அடங்க வேண்டும், பேச்சு தணிந்த குரலில் நடக்க வேண்டும், பைனாகுலரைக் கைமாற்ற வேண்டும். மூன்றுமே ஆறாவது ஆள் வந்ததும் குலைந்துவிடுகின்றன.

யாரைக் கூப்பிடுவது என்பதும் முக்கியம். அரை மணி நேரம் ஒரே கரையில் நிற்கப் பொறுமை இல்லாத நண்பர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அவரை வேறொரு பயணத்துக்கு அழைத்துப் போங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் கூட்டிவரலாம். நீரில் மூழ்கி மூழ்கி எழும் சின்னப் பறவையான முக்குளிப்பானைப் பெரியவர்கள் தவறவிட்டாலும் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால் மாலை வேடந்தாங்கலுக்கு மட்டும் வரச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பட்டியல் எழுதுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் படம் எடுப்பார், வண்டி ஓட்டுபவர் வண்டியை மட்டும் ஓட்டுவார். கடைசியாகச் சொன்னதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கிறது என்று ஓட்டுநர் தலையைத் திருப்பினால் ஆபத்து.

4. ஆவணங்கள், அனுமதிகள்

சாதாரணமாகப் போய்ப் பார்ப்பதற்கு முன் அனுமதி எதுவும் தேவையில்லை. வாசலில் சீட்டு வாங்கினால் போதும். ஆனால் இவை கையில் இருக்கட்டும்:

ஆளுக்கொரு புகைப்பட அடையாள அட்டை. ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ எதுவானாலும் சரி.

வண்டிக்கு ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்றிதழ். விடியற்காலையில் நெடுஞ்சாலையில் சோதனை இருக்கும். டிஜிலாக்கரில் வைத்திருந்தால் சிக்னல் இருக்கும்போதே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லறையாக ரொக்கம். இது ஆவணம் இல்லைதான், ஆனால் சீட்டு வாங்கும் இடத்தில் இல்லாமல் தவிப்பது இதற்காகத்தான். கிராமப் பக்கம் நெட் கிடைக்காமல் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஒரு ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு. “பைக்குள்தான் இருக்கிறது, வெளியே எடுக்கமாட்டோம்” என்று பேசிப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள். வெளியே வரும்வரை சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், உள்ளே ஊழியர் கேட்கலாம். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் சரணாலயம். அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட்டால் வழக்கு வரும். அது வராவிட்டாலும், கூட்டில் குஞ்சோடு இருக்கும் பறவை மேலே ஏதோ இரைச்சலோடு வருவதைப் பார்த்தால் கூட்டை விட்டு எழுந்துவிடும். அந்த நேரத்தில் குஞ்சைத் தூக்கக் காகம் காத்திருக்கும்.

பள்ளி, கல்லூரியிலிருந்து குழுவாகப் போவதானால் நிறுவனத்தின் கடிதத்தோடு வனத்துறை அலுவலகத்தில் முன்பே பேசிவிடுங்கள். குறும்படம், ஆய்வு என்றால் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வேடந்தாங்கலில் வனத்துறையின் ஓய்வு விடுதி உண்டு. அறைகள் குறைவு என்பதால் சீசனில் தங்க நினைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே முயல வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு அது தேவையில்லை.

5. வண்டியும் செலவும்

சென்னையிலிருந்து வேடந்தாங்கல் சுமார் 80 கிலோமீட்டர். தாம்பரம், செங்கல்பட்டு வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் போய், படாளம் கூட்ரோட்டில் வலது பக்கம் பிரிய வேண்டும். அதற்கு மேல் கிராமச் சாலை. விடியலில் பனியும் இருக்கும், ஆடு மாடும் குறுக்கே வரும். வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சொந்தக் காரில் போனால், இரண்டு ஏரிகளையும் சுற்றித் திரும்ப 190 கிலோமீட்டர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கிடைக்கும் வண்டியென்றால் பெட்ரோலுக்கு 1,300 ரூபாய்க்கு மேல் போகாது. டோல் தனி. நான்கு பேர் பகிர்ந்தால் சாப்பாடு, சீட்டு எல்லாம் சேர்த்தும் ஆளுக்கு 800 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தைய இரவே பாருங்கள்.

வாடகை வண்டி என்றால் கவனமாகப் பேச வேண்டியவை சில உண்டு. கிலோமீட்டரை உங்கள் வீட்டு வாசலிலிருந்து எண்ணுகிறார்களா, ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு எண்ணுகிறார்களா? ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குப் பணம்? டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் உள்ளே அடங்குமா? விடியற்காலை நான்கரைக்குக் கிளம்புவதற்குத் தனியாகக் கேட்பார்களா? எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஒருமுறை, பேசிய தொகைக்கு மேல் காலை பேட்டா ஒன்று, இரவு பேட்டா ஒன்று என்று பில் வந்தது. அதன்பிறகு எழுதி வாங்காமல் வண்டி ஏறுவதில்லை.

ரயிலில் போவதானால் புறநகர் ரயிலில் செங்கல்பட்டு வரை மலிவாகப் போய்விடலாம். அங்கிருந்து பேருந்து உண்டு, ஆனால் நம் நேரத்துக்கு வராது, இரண்டு ஏரிகளையும் இணைக்கவும் செய்யாது. செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ ஒரு ஆட்டோவையோ காரையோ நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. வேடந்தாங்கலில் இருட்டும்வரை நின்றுவிட்டு, திரும்ப வண்டி தேடுவதுதான் இந்த வழியில் பெரிய சிரமம். ஆகவே போகும்போதே திரும்புவதற்கும் சேர்த்துப் பேசுங்கள்.

6. பைனாகுலர், உடை, சாப்பாடு

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்பதானால் இதைக் கேளுங்கள். கரையிலிருந்து கூடுகள் இருக்கும் மரம் தொலைவு. வெறும் கண்ணுக்கு அது வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவே.

8 × 42 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 8 மடங்கு போதும். 20 மடங்கு, 30 மடங்கு என்று விளம்பரப்படுத்தும் மலிவான சாதனங்களை வாங்காதீர்கள், கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். தொடக்கநிலைக்குப் பயன்படும் நல்ல பைனாகுலர் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். நான்கு பேருக்கு இரண்டு போதும். இப்போதே வாங்க வேண்டியதில்லை, முதல் பயணத்துக்கு யாரிடமாவது இரவல் கேளுங்கள். கண்ணாடி அணிபவர்கள், பைனாகுலரின் கண்பகுதியில் உள்ள ரப்பரை மடித்துவிட்டோ திருகி இறக்கியோ பார்க்க வேண்டும். இது தெரியாமல் “எனக்கு ஒரே கருப்பாகத் தெரிகிறது” என்று திருப்பிக் கொடுப்பவர்கள் அதிகம்.

உடை பச்சை, காக்கி, பழுப்பு என்று மங்கலாக இருக்கட்டும். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். விடியலில் குளிரும், பத்து மணிக்கு வெயில் அடிக்கும். ஆகவே கழற்றிவைக்கக்கூடிய ஒரு மேலாடையும் ஒரு தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். கரைப் புல்லில் பனி இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். காலைச் சாப்பாட்டைக் கையில் எடுத்துப்போனால் கரிக்கிலியை விட்டு நடுவில் எழ வேண்டியிருக்காது. எங்கள் குழுவில் இட்லியும் மிளகாய்ப் பொடியும்தான். போகும் வழியில் நெடுஞ்சாலை ஓட்டலில் காபிக்கு நிறுத்தும்போதே கழிவறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பெண்கள் இருக்கும் குழுவில் இதைக் கேட்காமலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

7. முந்தைய நாள் இரவு போனில் செய்ய வேண்டியவை

இபேர்ட், மெர்லின் என்று இரண்டு செயலிகள். இரண்டும் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்துடையவை, இரண்டும் இலவசம், ஒரே கணக்கு இரண்டுக்கும் போதும். மெர்லின், பறவையை அடையாளம் காண. இபேர்ட், பட்டியலிட.

வீட்டு வைஃபையில் இருக்கும்போதே கணக்குத் தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்து, இரண்டிலும் நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். மெர்லினின் தொகுப்பில் படமும் ஒலியும் இருப்பதால் அளவு பெரிது. ஏரிக்கரையில் நின்றுகொண்டு அதை இறக்க முயன்றால் பொழுது போய்விடும். நான்கு பேரும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, பயனர் பெயர்களைக் குழுவில் பகிர்ந்துவிடுங்கள். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

அப்புறம், போவதற்கு முன் இருபது பறவைகளையாவது படத்தில் பார்த்துவையுங்கள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்குகள், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா, பஞ்சுருட்டான், கரிச்சான், ஆள்காட்டி. இவற்றைத் தெரிந்துகொண்டு போனால் அன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதிக்குப் பெயர் சொல்லிவிடுவீர்கள்.

8. காலை: கரிக்கிலி

ஜனவரியில் சூரியன் ஆறரை மணியளவில் எழும். அதற்குக் கால் மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும், அதாவது சென்னையிலிருந்து நான்கரைக்குக் கிளம்ப வேண்டும். மார்கழிக் கடைசியிலும் தைத் தொடக்கத்திலும் பனி இறங்கினால் ஏழரை வரை ஏரி தெரியாது. பதற வேண்டாம். பனிக்குள் சீழ்க்கைச் சிறகிகள் விசிலடித்துக்கொண்டு பறக்கும், அதைக் கேட்டுக்கொண்டே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

வண்டியைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தி, நடந்து போங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பிடிக்க வேண்டும். எதிர் வெளிச்சத்தில் எல்லா வாத்தும் கருப்பு வாத்துதான்.

முதலில் பைனாகுலரை ஏரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். திறந்த நீரில் கும்பலாக மிதப்பவை வாத்துகள். இவற்றில் பல இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஓய்வெடுப்பவை. ஆகவே ஏழு மணிக்கும் இருக்கும், ஒன்பது மணிக்கும் இருக்கும், நிதானமாகப் பார்க்கலாம். ஊசிவால் வாத்தின் ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, வெள்ளைக் கழுத்து, நீண்ட வால். நீலச்சிறகியின் ஆணுக்குக் கண்ணுக்கு மேல் அழுத்தமான வெள்ளைப் பட்டை. பெட்டைகள் எல்லாமே பழுப்பாகத்தான் இருக்கும். முதல் நாளே அவற்றைப் பிரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கருப்பு உடம்பும் வெள்ளை அலகுமாக மிதப்பது நாமக்கோழி, அது வாத்தே இல்லை.

அடுத்துக் கரையோரச் சேற்றைப் பாருங்கள். ஓடி ஓடிக் கொத்தும் சின்ன உள்ளான்கள் புதியவர்களைத் திணறடிக்கும். அதில் நேரம் போக்காதீர்கள். சிவந்த நெட்டைக் கால் நெடுங்கால் உள்ளான், வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலாட்டி, இவை போதும். கரும்பருந்து அல்லாத ஒரு பெரிய பறவை ஏரிக்கு மேலே தாழப் பறந்து, திடீரென்று வாத்துகள் எல்லாம் ஒன்றாக எழும்பினால் அண்ணாந்து பாருங்கள், அது சேற்றுப் பூனைப்பருந்தாக இருக்கும். அந்த நிமிடத்துக்காகவே ஒருவர் கேமராவைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கல்லெறிந்தோ கைதட்டியோ வாத்துகளை எழுப்ப நினைக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போவதற்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைகள் அவை. நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

எண்ணுவது எப்படி? பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவு இடம் கும்பலில் எத்தனை முறை வருகிறது என்று பார்த்துப் பெருக்குங்கள். கும்பல் பெரிதானால் பத்துக்குப் பதில் ஐம்பது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் 150, மற்றவர் 400 என்றால் மறுபடி எண்ணுங்கள்.

இபேர்டில் பட்டியலைத் தொடங்கும்போது நேரமும் நடந்த தூரமும் தானாகப் பதிவாகும்படி விடுங்கள். கரிக்கிலிக்கு ஒரு பட்டியல், வேடந்தாங்கலுக்கு வேறு பட்டியல். அணைக்க மறந்து காரில் ஏறிவிட்டால் படாளம் வரைக்கும் நீங்கள் நடந்ததாகக் கணக்கு ஆகிவிடும். வண்டியில் ஏறுவதற்கு முன் “நிறுத்தியாச்சா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள்.

9. நடுப்பகல்

பத்தரைக்குப் பிறகு கானல் அசையத் தொடங்கும், பைனாகுலரில் எல்லாம் நெளியும். கிளம்பிவிடுங்கள். மதுராந்தகத்தில் சாப்பிட்டு, நிழலில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் தூங்குங்கள். ஓட்டுபவர் கட்டாயம் தூங்க வேண்டும். இந்த இடைவெளியில் இன்னொரு இடத்தையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மாலையில்தான் பெரிய காட்சி, அதற்குத் தெம்பு வேண்டும்.

10. மாலை: வேடந்தாங்கல்

மூன்றரைக்கு உள்ளே போய்விடுங்கள். ஆறு மணியோடு மூடிவிடுவார்கள். ஏரி சிறியது, ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். கரையோடு நடைபாதையும் கண்காணிப்புக் கோபுரமும் உண்டு. கூட்டம் முழுதும் கோபுரத்தில் ஏறும். நீங்கள் கரையிலேயே கொஞ்சம் தள்ளிப் போய், கிளைகள் மறைக்காத ஓர் இடம் பார்த்து நின்றுவிடுங்கள். அங்குமிங்கும் நகர வேண்டாம், பறவைகள் உங்களைத் தாண்டித்தான் போகும்.

முதல் ஒரு மணி நேரம் கூடுகளைப் பாருங்கள். நீரில் நிற்கும் கடம்பு, கருவேல மரங்களில் அடுக்கடுக்காக இருக்கும். அலகு மூடியும் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. மஞ்சள் அலகும் ஆரஞ்சு முகமும் வாலருகே இளஞ்சிவப்பும் இருந்தால் மஞ்சள் மூக்கு நாரை. அதன் இளம்பறவை மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும், வேறு பறவை என்று எழுதிவிடாதீர்கள். இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு, பாம்புபோல் மெல்லிய கழுத்தும் ஈட்டி அலகுமாக இருப்பது பாம்புத்தாரா. அலகு நுனி கொக்கியாக வளைந்திருந்தால் நீர்க்காகம்.

நாலரைக்கு மேல் மேயப் போனவை திரும்பத் தொடங்கும். ஐந்தரைக்கு வானம் நிறைந்துவிடும். அரிவாள் மூக்கன்கள் வரிசை கட்டி வரும், கூழைக்கடாக்கள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு இறங்கும். அதே நேரத்தில் மரத்திலிருந்து எதிர்த்திசையில் கிளம்பும் குட்டையான, கழுத்தில்லாததுபோல் தெரியும் பறவைகளைக் கவனியுங்கள். அவை வக்காக்கள். மற்றவை அடைய வரும்போது இவை இரவு மீன்பிடிக்கக் கிளம்புகின்றன. பலர் ஐந்தே காலுக்கே “கிளம்பலாம், டிராஃபிக் ஆகிவிடும்” என்று நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து கடைசி நிமிடம் வரை நில்லுங்கள்.

இந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. ஆகவே புளூடூத் பாட்டும், கூவி அழைப்பதும், போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு ஈர்ப்பதும் வேண்டவே வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே பிரிக்காதீர்கள். வெளியே வந்ததும் கரையோரக் கடைகளில் டீயும் வேர்க்கடலையும் வாங்கிச் சாப்பிடுங்கள். பறவைகளைக் காக்கும் ஊருக்கு நம்மால் நாலு காசு போகட்டும்.

11. அன்றிரவே பட்டியலை முடித்துப் பகிருங்கள்

மறுநாளைக்கு என்று தள்ளினால் எண்ணிக்கை மறந்துபோகும். நால்வரும் நாலு பட்டியல் ஏற்றக் கூடாது. ஒரே பறவைகள் நான்கு முறை கணக்கில் வந்துவிடும். எழுதியவர் ஒருவர் மட்டும் ஏற்றிவிட்டு, பார்த்தவர்கள் எண்ணிக்கையை நான்கு என்று குறித்து, மற்ற மூவரின் பயனர் பெயர்களுக்கும் பகிர வேண்டும். அவர்கள் தங்கள் கணக்கில் அதை ஏற்றுக்கொண்டால் எல்லோருக்கும் பதிவாகும், இபேர்ட் அதை ஒரே பட்டியலாகவே கணக்கிடும். தான் பார்க்காத பறவையை அவரவர் தம் பிரதியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம்.

ஏற்றும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். காகத்தையும் மைனாவையும் கொக்கையும்கூட எழுதியிருந்தால் “ஆம்” சொல்லுங்கள். அழகானவற்றை மட்டும் எழுதியிருந்தால் “இல்லை”. எத்தனை என்று தெரியாத இடத்தில் எண்ணுக்குப் பதில் X என்று போட வழி உண்டு. ஆனால் தோராயமாக ஓர் எண் கொடுப்பது அதைவிடப் பயனுள்ளது. சந்தேகமான வாத்தை “வாத்து, இனம் தெரியவில்லை” என்ற வகையில் போடலாம், ஊகித்து எழுத வேண்டாம்.

அரிய பறவையோ வழக்கத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையோ இருந்தால் செயலி விளக்கம் கேட்கும். என்ன நிறம், என்ன அளவு, எவ்வளவு தூரத்தில் என்று இரண்டு வரி எழுதி, மங்கலாக இருந்தாலும் படத்தைச் சேர்த்துவிடுங்கள். சில நாள் கழித்து, தன்னார்வலரான சரிபார்ப்பாளர் ஒருவர் மின்னஞ்சலில் கேள்வி கேட்கலாம். பார்த்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள். அவர் வேறொரு பறவை என்று சொல்லிக் காரணமும் காட்டினால், பட்டியலைத் திறந்து பெயரை மாற்றிவிடுங்கள். பகிர்ந்துகொண்ட மூவரிடமும் சொல்லி, அவர்கள் பிரதியிலும் மாற்றச் சொல்ல வேண்டும்.